பின்வாசலால் வந்தவர்

பாரிசில் லா ஷப்பல் மெட்ரோ மேம்பாலத்துக்குக் கீழால் நடந்து வந்தால் மூலையில் தெரியும் இரண்டு கடைகளும் என்னுடையவை. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தாலும் அதே கடைகள்தான் கண்ணில் படும். அதற்காகவே அந்த மூலையைப் பிடித்தேன். லா கூர்னெவில் குளிர் அறையோடு ஒரு களஞ்சியம் இருக்கிறது. பியர்ஃபித்தில் வீடு. இவ்வளவும் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கட்டியது. பாரிசுக்கு வந்த நாளில் என்னிடம் ஒரு பிளாஸ்ரிக் பை, இரண்டு சட்டை, ஒரு விலாசம். அந்த விலாசத்தில் அந்த ஆள் இல்லை. ஒன்பது வருடம் நிலத்துக்குக் கீழே, ஒரு உணவகத்தின் ஜன்னல் இல்லாத குசினியில் கோப்பை கழுவினேன். இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரிலும் முட்டும்படி இருந்தது முதற் கடை. முருங்கைக்காயைத் தடியென்று நினைத்து மறித்த சுங்க அதிகாரிக்கு முன்னால் அதைப் பச்சையாகக் கடித்துக் காட்டிப் பெட்டியை வெளியே எடுத்தவன் நான். பிள்ளையார் தேருக்கு இங்கே வீதியில் சிதறுகிற தேங்காயில் அரைவாசி என் கடையால் போனது. மாணவர் சங்கம் கூட்டம் வைக்க இடமில்லாமல் நின்றபோது கடைக்கு மேலே இருந்த அறையைத் திறந்துவிட்டவனும் நானேதான்.

இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சங்கம், இலங்கையின் வன்னிப் பாடசாலைகளுக்குப் போய்வந்த தன் முதற் பயணத்தைப் பற்றி ஒரு மலர் வெளியிடுகிறது. என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு பார்த்தால், நான் எழுதவேண்டியது அவரைப் பற்றியாம். மலருக்குப் பொறுப்பு என் கடைசி மகள். "அன்ரியை முதலில் தெரிந்தவர் நீங்கள்தானே" என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

சரி, எழுதுகிறேன். பெயர் போட மாட்டேன். தன் பெயரை எங்கேயும் போடவேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டுப் போனவர். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்லைக் காப்பாற்ற எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். பியர்ஃபித்தில் சின்னப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றில் கன்ரீன் வேலை: சாப்பாடு பரிமாறுவது, தட்டு எடுப்பது, தரை துடைப்பது. குள்ளம். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே நீலக் கோட். அதன் பொக்கற்றுக்குள் நாலாய் மடித்த துணிப்பை. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளமை.

சனிக்கிழமை காலையில் கடைக்கு வருவார். வாசலில் நான் நிற்பேன். வருகிறவர்களை வணங்கி வரவேற்பது என் வழக்கம். கடை வைத்த நாளிலிருந்து நான் விடாத வழக்கம். ஆனால் அவர் என்னைத் தாண்டி வந்ததே இல்லை. திரும்பிப் பார்த்தால் உள்ளே நிற்பார். பின்முற்றத்தில் வான் வண்டி வந்து சாமான் இறக்கும் கதவால் நுழைந்து, உடைக்காத பெட்டியை உடைக்கச் சொல்லி, அதற்குள்ளிருந்து கத்தரிக்காய் எடுத்துக்கொண்டிருப்பார்.

"தங்கச்சி, கடைக்கு முன்வாசல் எண்டு ஒண்டு இருக்கு. கண்ணாடிக் கதவு. தானாத் திறக்கும்."

"இருக்கு அண்ணை. அங்கை நீங்கள் வடிவானதை மேலை வைச்சு அடுக்கியிருப்பியள். எனக்கு அடியிலை கிடக்கிறதைப் பாக்கவேணும்."

மீன் வெட்டுகிற பொடியன்கள் சிரித்தார்கள். என் சம்பளம் வாங்குகிறவர்கள், அவர் சொன்னதற்குச் சிரித்தார்கள். அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தார்கள். நான் கேட்டால் "முதலாளி, இப்ப வான் வந்து நிக்குது" என்பார்கள்.

கடை மட்டுமல்ல. எங்கே போனாலும் அவருக்குப் பின்வாசல்தான். என் மூத்த மகனின் கல்யாணத்தை லா கூர்னெவில் பெரிய மண்டபம் எடுத்துச் செய்தேன். வாசலில் பன்னீர்ச் செம்போடு இரண்டு மணித்தியாலம் நின்று ஒவ்வொருவராக வரவேற்றேன். அவர் வரவில்லை என்று நினைத்து மனதுக்குள் ஒரு கணக்கு வைத்தேன். மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவர் குசினிப் பக்கத்தால் வந்திருக்கிறார். வந்த இடத்தில் ஒரு கிடாரச் சோறு அடிப்பிடித்துப் போயிருக்கிறது. சமையற்காரர்கள் ஆளை ஆள் ஏசிக்கொண்டு நிற்க, இவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு சோறு வைத்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். கல்யாண வீடியோ மூன்று மணித்தியாலம் ஓடும். அதில் எங்கும் அவர் இல்லை. ஆனால் அந்தக் கல்யாணத்தைப் பற்றி இன்றைக்கும் யார் கதைத்தாலும், மண்டபத்தின் அலங்காரத்தைச் சொல்வதில்லை. "அண்டைக்கு அவ இல்லாட்டி உன்ரை மானம் போயிருக்கும்" என்றுதான் தொடங்குகிறார்கள். மானம் என்னுடையது, மண்டபம் என்னுடையது, பேர் அவருக்கு.

எனக்குப் பொறாமை என்று மகள் சொல்கிறாள். உழைத்தவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன்.

அப்போது மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். இங்கே பிறந்த பிள்ளைகள் ஒன்பது பேர் சேர்ந்து, கோடையில் மூன்று கிழமை வன்னிக்குப் போய்க் கிராமத்துப் பள்ளிக்கூடங்களைப் பார்ப்பது, பிள்ளைகளோடு விளையாடுவது, முடிந்த உதவி செய்வது என்று முடிவெடுத்தார்கள். முதற் கூட்டம் என் மேலறையில். நான் ஒரு மணித்தியாலம் பேசினேன். வந்த கதை, கோப்பை கழுவின கதை, முருங்கைக்காய்க் கதை எல்லாம் சொன்னேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவன் இரண்டு தரம் கொட்டாவி விட்டான். அவன் பகுதிநேர வேலை செய்கிறவன், களைப்பாயிருக்கும்.

அப்போது பின்முற்றத்துப் படியால் அவர் ஏறி வந்தார். பிள்ளைகளில் ஒருத்தியின் தாய்க்குத் தெரிந்தவராம். மூலையில் அரிசி மூட்டையில் இருந்தார். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்கை பள்ளிக்கூடத்துக்குப் போனதும் முதல்லை என்னத்தைப் பாப்பியள்?"

நூலகம் என்றான் ஒருவன். கம்பியூட்டர் அறை என்றாள் இன்னொருத்தி.

"நான் எண்டால் கக்கூசைப் பாப்பன்" என்றார் அவர். "இருபது வரிசமா இஞ்சை கன்ரீனிலை நிக்கிறன். மத்தியானம் தண்ணி குடிக்காமல் ஒரு பிள்ளை இருந்தால் அதுக்குக் காரணம் சாப்பாட்டுக் கோப்பையிலை இல்லை."

நூலகம் என்றவன் தன் கொப்பியில் எதையோ வெட்டினான். பிறகு என் மகள், "ஏன் அன்ரி, அந்தப் பிள்ளைக்குக் கக்கூசுக்குப் போகப் பயமா?" என்று கேட்டாள்.

தமிழில் கேட்டாள்.

என் வீட்டில் இருபது வருடம் நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் சொல்வாள். "ஊய் பப்பா." "நோன் பப்பா." "சே போன் பப்பா." ஆம், இல்லை, சரி: அதற்குமேல் நான் அவளிடமிருந்து வாங்கியதில்லை. அவளுக்குத் தமிழ் வராது என்றே இருந்தேன். அன்றைக்கு அந்த அறையில் அவள் அவரோடு அரைமணித்தியாலம் கதைத்தாள். திக்கியது, தடுமாறியது, ஆனால் நிற்கவில்லை.

கூட ஒரு பெரியவர் போகவேண்டும் என்று பெற்றோர் பிடிவாதமாக நின்றார்கள். நான் தொண்டையைச் செருமினேன். வன்னியில் எனக்கு ஆள் இருக்கிறது, பள்ளிக்கூட அதிபரைத் தெரியும், வாகனம் பிடிக்கத் தெரியும். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. "அன்ரி, நீங்கள் வருவீங்களா?" என்றாள். கடையை விட்டு வரமுடியாது என்று நான் சொன்னதாக ஒரு கதை சங்கத்தில் உண்டு. அதை இந்த மலரில் திருத்திக்கொள்ளுங்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "உன்ரை மகளுக்குத் தமிழ் தெரியுமாம். நடிச்சிருக்கிறாள்."

"நீங்கள் கேள்வியும் கேட்டு மறுமொழியும் நீங்களே சொல்லுவியள்" என்றாள் அவள், வெங்காயம் வெட்டிக்கொண்டே. "நடுவிலை பிள்ளை என்னத்தைக் கதைக்கிறது?"

நானும் சும்மா இருக்கவில்லை. கூடப் போகாவிட்டால் என்ன, நான் யார் என்பதை அங்கே காட்டலாம் அல்லவா? கிளிநொச்சியில் மரம் அரிந்து கதவு, நிலை செய்யும் மரக்காலை ஒன்று வைத்திருக்கும் என் மச்சானுக்கும், அவன் மூலம் அதிபருக்கும் ரெலிபோன் எடுத்தேன். பந்தல், வாழை, மாலை, பான்ட் வாத்தியம், பிள்ளைகள் இரண்டு பக்கமும் வரிசை. நடுவில் என் படம் போட்ட பதாகை. வெளிநாட்டிலிருந்து யார் போனாலும் அங்கே இதுதான் முறை. செய்யாவிட்டால் குறை சொல்லுவார்கள்.

ஆடி மாதம். இங்கே காலை ஏழு மணி, அங்கே பத்தரை. கடையைத் திறந்து, அரிசி மூட்டைகளுக்கு மேல் ரெலிபோனைச் சாய்த்து வைத்து, வேலையாட்கள், பக்கத்துக் கடைக்காரர், பாண் வாங்க வந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டேன். மச்சான் தன் ரெலிபோனால் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தான். பந்தல் தெரிந்தது. என் படம் காற்றில் ஆடியது. வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். எட்டு மணிக்கே நிறுத்திவிட்டார்கள் என்று மச்சான் பெருமையாகச் சொன்னான். வான் வந்தது. பான்ட் அடித்தார்கள். அதிபர் மாலையோடு முன்னுக்குப் போனார். வான் கதவு திறந்தது.

சாரதி மட்டும் இறங்கினான்.

"ஆக்கள் எங்கை?" என்று நான் இங்கிருந்து கத்தினேன்.

"அவையள் பின்னாலை இறங்கிட்டினம். கிணத்தடிப் படலையாலை."

மச்சான் ஓடினான். ரெலிபோனில் வானம், மண், அவன் செருப்பு, பிறகு ஒரு நீளக் கட்டடம். ஆறு கக்கூசு அறை. கதவு ஒன்றிலும் இல்லை. இரண்டில் சாக்குத் தொங்கியது. அதற்கு முன்னால் அவர், அந்த வெயிலிலும் நீலக் கோட்டைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசியது என் மகள். மாலையோடு மூச்சு வாங்க ஓடிவந்த அதிபரைப் பார்த்து, ஒரு கையை இடுப்பில் வைத்து, மற்றக் கை விரலை நீட்டி,

"நான் சொல்லுறன் கேளுங்கோ ஐயா. பந்தலுக்கு இவ்வளவு துணி இருக்கு. இந்தப் பிள்ளையளுக்கு ஒரு கதவு இல்லையா? இதுக்குள்ளை நீங்கள் போவீங்களா? நான் கேக்கிறன், போவீங்களா?"

பாண் வாங்க வந்த ஒருவர், "முதலாளி, உங்கடை மகள் தமிழ் கதைக்கிறா" என்றார், நான் செவிடன் என்பதுபோல.

அதிபர் நல்ல மனிதர். மெதுவாகத்தான் சொன்னார். "பிள்ளை, மலசலகூடத்துக்கு எழுதிக் குடுத்து வரிசக்கணக்காச்சு. பந்தல் நாங்கள் கேட்டதில்லை. உங்கடை அப்பாதான் போடச் சொன்னவர்."

கடையில் எவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் மிளகாய்த்தூள் பைகளைப் பார்த்தார்கள். நான் ரெலிபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வான் வந்திட்டுது, இறக்குங்கோ" என்றேன். வான் வரவில்லை.

மத்தியானத்துக்கு முன் அவரே அழைத்தார்.

"அண்ணை, பந்தல் நல்ல நிழல். பிள்ளையளை அதுக்குக் கீழை இருத்திச் சாப்பாடு குடுத்தம். அவ்வளவு நேரமும் வெயிலிலை நிண்ட குஞ்சுகள்."

குத்தலா, இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் குரலில் குத்தல் இருப்பதில்லை, அதுதான் பிரச்சினை.

"மகள் கோவமோ?"

"கோவம்தான். ஆனா அண்ணை, அவள் அதிபரோடை நிண்ட நிலையைப் பாத்தனீங்களோ? அச்சொட்டா நீங்கள் மரக்கறிக்காரரோடை நிக்கிற மாதிரி. இடுப்பிலை கை, விரல் எல்லாம். 'நான் சொல்லுறன் கேளுங்கோ' எண்டதும் உங்கடைதான். நான் அவளுக்குத் தமிழ் படிப்பிக்கேல்லை. அது உள்ளுக்குக் கிடந்தது."

இடுப்பில் இருந்த என் கையை நான் கீழே எடுத்தேன்.

"ஆறு கதவு வேணும்" என்றார்.

"தாறன். மச்சான்ரை மரக்காலையிலை செய்விக்கிறன். நாளையிண்டைக்கு வரும். தங்கச்சி, என்ரை பெயரைப் போடலாமோ? சின்னதா?"

"கக்கூசுக் கதவிலையோ அண்ணை?"

யோசித்துப் பார்த்து, வேண்டாம் என்றேன். ஒத்துக்கொள்கிறேன், பெயரை விட்டுக்கொடுத்தது நான்தான். ஆனால் அதோடு கதை முடியவில்லை. இனி எழுதப்போவதைக் கவனமாக வாசியுங்கள். இதற்கு வேறு சாட்சி இல்லை.

"எந்த வகுப்புப் பிள்ளையள்?" என்று நான் கேட்டேன்.

"முதலாம் வகுப்பிலை இருந்து பதினொண்டு மட்டும்."

"அப்ப ஒவ்வொரு கதவுக்கும் உள்ளுக்கிருந்து பூட்டுற கொண்டி ரெண்டு வேணும். ஒண்டு வழக்கமான உயரத்திலை. மற்றது கீழை. முழங்காலுக்கு ஒரு சாண் மேலை. சின்னதுகள் எட்டிப் போடமாட்டுதுகள். எட்டாட்டிக் கதவு இருந்தும் பயம்தான், பூட்டாமல் இருக்குங்கள், ஆரும் தள்ளிப்போடுவினம் எண்டு. இரும்புக் கொண்டி வேண்டாம், கை கடிக்கும். மரத்திலை சுழலுற மாதிரி."

முப்பது வருடமாகக் கதவும் ஷட்டரும் திறந்து பூட்டுகிறவன் நான். கோப்பை கழுவின அந்தக் குசினியில் உடுப்பு மாற்றுகிற இடத்துக்குக் கொண்டி இல்லை. ஒன்பது வருடம் ஒரு காலால் கதவை அமத்திக்கொண்டு உடுப்பு மாற்றினேன். அதை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை.

அந்தப் பக்கத்தில் அவர் இரண்டு உயரத்தையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவர் சொன்னார்: "அதை நான் யோசிக்கேல்லை அண்ணை."

எல்லாவற்றின் பின்பக்கத்தையும் பார்க்கிற மனுசி, தான் யோசிக்காத ஒன்றை நான் யோசித்தேன் என்று சொன்னார். லா கூர்னெவ் களஞ்சியத்தைத் திறந்த அன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

மாரி தொடங்கியபோது இங்கே நகரசபை மண்டபத்தில் பயண அறிக்கை வாசித்தார்கள். பிரெஞ்சுக்காரரும் வந்திருந்தார்கள். நான் கோட், கழுத்துப்பட்டி, முதல் வரிசை. மகள் முதலில் பிரெஞ்சில் பேசினாள், பிறகு தமிழில். கதவுப் படத்தைத் திரையில் போட்டாள். "இதிலை ரெண்டு கொண்டி இருக்கு. ஒண்டு சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டக் கீழை. இப்பிடி எல்லாத்தையும் யோசிச்சது எங்கடை அன்ரி." மண்டபம் எழுந்து கை தட்டியது. பக்கத்திலிருந்த பிரெஞ்சுக்காரி கண்ணைத் துடைத்தாள். நானும் தட்டினேன், முதல் வரிசையில் இருந்துகொண்டு தட்டாமல் இருக்கமுடியாது.

அவர் எழுந்து சொல்லுவார் என்று திரும்பிப் பார்த்தேன். கதிரையில் இல்லை. எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? மண்டபத்தின் பின்னால் குசினிக்குப் போனேன். பொரித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, மகள் பேசினதைக் கேட்டனீங்களோ?"

"எங்கையண்ணை கேக்கிறது, இஞ்சை எண்ணெய் கத்துது. இந்த ரோல்ஸ் உள்ளுக்கு ஐஸ் கட்டியாக் கிடக்கு. ஆர் குடுத்தது?"

"நான்தான்."

"அப்ப பிடியுங்கோ" என்று கரண்டியை என் கையில் தந்துவிட்டு, அடுத்த தட்டை எடுக்கப் போனார்.

இருநூறு ரோல்ஸ். கோட்டோடு நின்று பொரித்தேன். நடுவில் மகள் வந்தாள். கதவடியில் நின்று என்னைப் பார்த்தாள். "பப்பா?" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டு ரெலிபோனால் ஒரு படம் எடுத்தாள். "எண்ணெய் தெறிக்கும், கோட்டைக் கழட்டுங்கோ அப்பா" என்றாள். அவள் என்னோடு தமிழில் பேசிய முதல் வசனம் அது. அந்த நேரத்தில் கொண்டிக் கதையை எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகும் எடுக்கவில்லை. அவர் சனிக்கிழமைகளில் பின்கதவால் வந்தார், பெட்டியை உடைப்பித்தார், போனார். மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு எடுத்து மன்னாருக்கே போய்விட்டார். பிரியாவிடைக்கு என் மேலறையை ஒழுங்கு செய்து, பொன்னாடையும் வாங்கி வைத்தேன். போர்த்துகிறபோது மெதுவாகக் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். விழாவுக்கு இரண்டு நாள் இருக்க விமானம் ஏறிவிட்டார். பின்முற்றத்துக் கதவடியில் என் பொடியன்களிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். பொன்னாடை இன்னும் என் அலுமாரியில் கிடக்கிறது. இந்த மலரைக் கொண்டுபோகிறவர்கள் அதையும் கொண்டுபோய்க் கொடுங்கள். வாசலில் கூப்பிட வேண்டாம். கிணற்றடிப் பக்கத்தால் போங்கள்.

மகளே, இனி உனக்கு. நான் ரோல்ஸ் பொரிக்கிற அந்தப் படத்தை மலரின் பின்னட்டையில் போடப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். போடு. கோட்டில் எண்ணெய்க் கறை தெரிந்தாலும் போடு. ஆனால் பெயர் இல்லாமல் போட நான் விடமாட்டேன். கீழே என் பெயரை முதலெழுத்தோடு முழுதாய் எழுது. ஆறு கதவும் இவர் கொடுத்தது என்று எழுது. சின்னக் கை எட்டுகிற அந்தக் கீழ்க் கொண்டி இவருடைய யோசனை என்று எழுது. நம்பாவிட்டால் மன்னாருக்கு ரெலிபோன் எடுத்துக் கேள். அவர் பொய் சொல்லமாட்டார். அதிபரோடு நீ பேசிய பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும், இடமிருந்தால், ஒரு வரி போடு.

பிரெஞ்சில் வேண்டாம். தமிழில் போடு. எழுத்துப் பிழை வந்தால் வரட்டும்.